மாவுக்கட்டுக்குள் உதிர்ந்த எலும்பு

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் ஒரு பெரும் விலங்கின் எலும்புகளைக் கண்டதாக யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் எழுதினார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். பேருடல் கொண்டது என்ற பொருளில் அதற்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் நடமாடிய டைனோசர் அது. தரையில் நடந்த விலங்குகளிலேயே அதுதான் பெரியதாக இருக்கக்கூடும் என்றுகூடச் சிலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்த எலும்பை இன்று போய்ப் பார்க்க முடியாது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணில் கிடந்தது அது. உடைந்த காலுக்குப் போடுவதுபோல மாவுக்கட்டுப் போட்டும் நிற்கவில்லை, கட்டுக்குள்ளேயே உதிர்ந்துவிட்டது. மிஞ்சியவை கட்டுரையில் அச்சான கோட்டோவியங்கள். அவற்றை மட்டும் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கும் என்றும் ஐயப்பட்டார்கள். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரமே கிடக்கிறதே! கடைசியில் 2022-இல், எலும்பு மண்ணில் இருந்தபோது எடுத்த ஒளிப்படங்களைச் சௌரப் பாலும் அதே அய்யாசாமியும் வெளியிட்டார்கள். 35 ஆண்டுச் சந்தேகத்துக்கு அந்தப் படங்கள்தான் பதில் சொல்லின.

பெரம்பலூரில் ஒரு செல்போன் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இந்த எலும்பு என் நினைவுக்கு வந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண். துணி துவைக்கும்போது போன் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டதாம். எடுத்துத் துடைத்து, ஓடுகிறதா பார்ப்போம் என்று சார்ஜில் போட்டிருக்கிறார். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது.

"போர்டு போயிருச்சுக்கா. வேற போர்டு போட்டா செட்டு ஓடும். பழைய படம் எதுவும் வராது."

"படம் இருக்குற சிப்பை மட்டும் எடுத்து இந்தப் போர்டுல வச்சுத் தர முடியாதா தம்பி?"

நல்ல கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன்பு வந்த செட் என்றால், நல்ல கருவியும் கைப்பழக்கமும் உள்ள ஒருவர் அதைச் செய்தே காட்டியிருப்பார். இன்று ஏன் முடியாது என்பதில்தான் அதிசயம் இருக்கிறது.

போனில் ஒரு படம் என்பது கடைசியில் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள்தான். நினைவகச் சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள். ஒவ்வோர் அறைக்கும் மின்சாரம் கடத்தாத சுவர். அதன் கனம் தலைமுடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். சுவரில் ஓட்டை கிடையாது, கதவும் கிடையாது. ஆனால் மின்னழுத்தத்தை நன்றாக உயர்த்தினால் எலக்ட்ரான் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறது. குவாண்டம் இயற்பியல் மட்டுமே அனுமதிக்கும் பயணம் இது. போன பிறகு அழுத்தத்தை எடுத்துவிட்டால் திரும்பி வர வழியில்லை; பேட்டரி இறங்கினாலும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அறைக்குள் எவ்வளவு மின்னேற்றம் என்பதை 8 படிகளாகப் பிரித்து அளந்தால், ஓர் அறை 3 பிட் தகவலைச் சுமக்கும். அப்படிப் பார்த்தால் 128 ஜிபி போனில் சுமார் 34,000 கோடி அறைகள்.

இந்த வகை அறையை 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் ஸீயும் முதலில் செய்து காட்டினார்கள். 1980-களில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா அவற்றைக் கூட்டம் கூட்டமாக ஒரே அடியில் அழிக்கும் வழியைக் கண்டார். அது கேமரா ஃபிளாஷ் வெட்டுவதுபோல் இருக்கிறது என்று உடன் பணியாற்றிய ஷோஜி அரிஸுமி சொல்ல, ஃபிளாஷ் என்ற பெயர் நிலைத்தது. ஆகவே இந்த நினைவகத்தின் பெயரிலேயே அழிப்பு இருக்கிறது. கடையில் "ஃபிளாஷ் பண்ணணும்" என்று சொன்னால் உங்கள் படங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பெண்ணின் சிப்புக்கு வருவோம். தண்ணீரால் அதற்கு ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு படமும் பூட்டி வைக்கப்பட்டது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய போன்கள் அனைத்திலும் இந்தப் பூட்டு கட்டாயம். நாம் போடும் பின் நம்பர் சாவியில் பாதிதான். மறுபாதி ஆலையிலேயே பிராசசருக்குள் பதிக்கப்பட்ட ரகசிய எண்; அது வெளியே வராது. போர்டு எரிந்து பிராசசரும் போனால் அந்தப் பாதியும் போய்விடும். சாவியை ஊகித்துத் திறக்கலாமா என்றால், முயல வேண்டிய எண்ணிக்கையை எழுத 78 இலக்கம் வேண்டும். திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் அதே பூட்டு, போர்டு செத்த நாளில் நம்மையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

அதனால் நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும், அதுவும் போன் உயிரோடு இருக்கும்போதே. டிஸ்பிளே உடைந்தால்கூடப் போனுக்குள் தகவல் பத்திரமாகத்தான் இருக்கும்; திரையில் படம் தெரிந்து, தொடுதல் மட்டும் வேலை செய்யாவிட்டால், ஓடிஜி பின்னில் மவுஸ் செருகிப் பூட்டைத் திறந்து எடுத்துவிடலாம். பெரும்பாலோர் ஏமாறுவது வாட்ஸ்அப்பில். கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். அது தானாக எடுத்துக்கொள்வது கேமரா படங்களை. வாட்ஸ்அப்பில் வந்தவை வேறு ஃபோல்டர், அதை நாம்தான் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு அந்தச் செயலிக்குள்ளேயே தனி பேக்கப் இருக்கிறது. கூகுளின் இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டால் இரண்டும் நின்றுவிடும். இன்னொன்று: போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் கூகுளில் ஏற்றி வைத்த நகலும் சேர்ந்து அழியும். எனவே ஒரு நகலைக் கம்பியில் இணைத்துக் கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ போட்டு, ஓரிரண்டைத் திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம். சில நிறுவனங்களின் போன்களில் ரிப்பேர் மோட் என்று ஒன்று வந்திருக்கிறது. அது கடைக்காரர் கண்ணிலிருந்து நம் படங்களை மறைக்கும். போர்டு போனால் மீட்டுத் தராது.

சாத்தனூர் கல்மரத்தை 1940-இல் அடையாளம் கண்டவர் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன். அதில் இன்று மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடலடிச் சேற்றில் புதைந்த அடிமரத்துக்குள் தாது கலந்த நீர் ஊறி ஊறி, மரம் இருந்த இடத்தையெல்லாம் கல் பிடித்துக்கொண்டது. மரம் மட்குவதற்குள் நகல் எடுத்து முடிந்திருந்தது.

அந்தப் பெண் கடைக்காரர் போனை வாங்கி, குவைத்தில் இருக்கும் கணவரைக் கூப்பிட்டார். குழந்தை பிறந்ததிலிருந்து தினம் ஒரு படம் அவருக்கு அனுப்பியிருக்கிறார். அவர் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் எண்ணுக்கு முதல் படம் வந்து சேர்ந்தது. அனுப்பும்போது வாட்ஸ்அப் சுருக்கிய படம். பெரிதாக்கிப் பார்த்தால் குழந்தையின் இமைமுடி தெரியவில்லை. முகம் தெரிந்தது.