பட்டை ஏற்றிய ஊர், மரை திருகும் காலம்

திருப்பூர் பக்கத்து மங்கலத்தில் ஒரு வண்டி எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதை முன்பெல்லாம் முடிவு செய்தது சுமைதான். சைசிங்கிலிருந்து தறிக்குடோனுக்குப் போகும் பாவு பீம், தறியிலிருந்து இறங்கிய காடாத் துணி, பனியன் கம்பெனிக்கான துணி உருளை என்று எதை ஏற்றினாலும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அதை எழுப்பப் பின்கட்டில் இன்னொரு ஸ்பிரிங் பட்டை சேர்ப்பார்கள். பழைய வேன் காலம் தொடங்கி, 2005-இல் வந்த டாடா ஏஸ், அதுதான் நம்ம குட்டி யானை, அதுவரைக்கும் இதே வைத்தியம். சோமனூர் ரோட்டில் காலியாகத் திரும்பும் சில குட்டி யானைகள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குதித்துக் குதித்துப் போவதற்கு அந்தக் கூடுதல் பட்டையே காரணம்.

கார் இருந்த வீடுகள் அன்று குறைவு. அம்பாசிடரின் முன்பக்கத்தைத் தாங்கியது சுருள் ஸ்பிரிங் அல்ல. டார்ஷன் பார் என்ற நீளமான முறுக்குத் தண்டு. அதன் முனையில் வெட்டியிருக்கும் பல்லை ஒன்று தள்ளிப் பூட்டினால் முன்பக்கம் ஏறும் அல்லது இறங்கும். பழைய மெக்கானிக்குகள் அதில் கை வைத்தது, ஓடி ஓடித் தொய்ந்துபோன முன்பக்கத்தை நிமிர்த்தத்தான். தாழ்ந்து நிற்கும் கார் என்றால் பழுதான கார் என்றே அர்த்தம்.

இன்று அதே தாழ்வுக்குப் பிள்ளைகள் காசு சேர்க்கிறார்கள். ஸ்விஃப்டோ போலோவோ, சக்கரத்துக்கும் மட்காட் விளிம்புக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்கு இறங்கினால்தான் திருப்தி.

ஆரம்பத்தில் இதற்கு ஹேக்ஸா பிளேடுதான் கருவி. ஸ்பிரிங்கைக் கழற்றி ஒரு சுற்றை அறுத்துவிடுவார்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் மிச்சமுள்ளது 20 சதவீதம் விறைப்பாகும். ஷாக் அப்சார்பரோ பழையதுதான். அறுத்த முனை இருக்கையில் சரியாகப் பொருந்தாது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரும் ஆபத்தும் உண்டு. இது அறவே கூடாத வேலை.

இப்போது காயிலோவர் வந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றினால், உடம்பெல்லாம் மரை வெட்டிய ஒரு குழாய்; அதில் இரண்டு வளையங்கள். மேல் வளையத்தில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், கீழ் வளையம் அதை நகரவிடாமல் பூட்டும். வேலை தெரிந்தவர் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார், டேப்பைத்தான் எடுப்பார். சக்கர நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்வார். பிறகு மரையில் அப்பியிருக்கும் மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கொக்கி ஸ்பேனரால் கீழ் வளையத்தைத் தளர்த்தி, மேல் வளையத்தைத் திருகி இறக்குவார். ஒரு சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். இடது பக்கம் எத்தனை சுற்றோ அத்தனையே வலது பக்கமும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கக் கூடாது. வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டினால்தான் ஸ்பிரிங் உட்காரும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால், தாழ்ந்த வண்டியின் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும்.

"இன்னொரு சுத்து எறக்குங்கண்ணா" என்பான் கார்க்காரப் பையன். "நான் எறக்கிருவேன் தம்பி, ஸ்பீடு பிரேக்கர் எறங்காதே" என்பார் அவர். கணக்கு அவர் பக்கம்தான். 2005-இல் வந்த ஸ்விஃப்டின் அடிவயிறு தரையிலிருந்து 170 மில்லிமீட்டர். நாற்பது இறக்கினால் 130. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், அதைத் தாண்டலாம். ஊருக்கு ஊர் செங்குத்தாகக் கொட்டி வைத்திருக்கும் திண்டுகளை, நாலு பேர் ஏறிய காரில் தாண்டுவது கஷ்டம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தாழ்த்துவதற்கு உண்மையான பலன் உள்ள இடம் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிறது, பந்தய வீரர் கரிவரதன் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம். எடை தரையோடு ஒட்டி இருந்தால் வளைவில் கார் சாய்வது குறையும். ஆசைப்படும் பிள்ளைகளை வீட்டார் ஒருமுறை அங்கே கூட்டிப்போய்க் காட்டலாம்.

உயரத்தை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே மாற்றும் வசதி புதிதல்ல. 1955-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த சிட்ரோன் டிஎஸ், எண்ணெய் அழுத்தத்தாலும் வாயுவாலும் எழுந்து தாழ்ந்தது. 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளும் அந்த வகையில் சேர்ந்தவை. நிறுத்தத்தில் காற்றுப்பைகளின் காற்றை விட்டு, படிப்பக்கம் இறங்கிக் கொடுக்கும். சக்கர நாற்காலியில் வருபவர் சாய்தளம் வழியாக ஏறுவார். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு வந்த பேருந்துகள் இவை.

எனக்கு அதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது. மங்கலத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள், எட்டு மணி நேரம் நின்றபடியே பீஸ் மடித்துவிட்டு, இரவில் கம்பியைப் பிடித்துத் தம் கட்டிப் படியேறுகிறார்கள். முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டிகளும் அதே பஸ்ஸில்தான். சென்னையில் ஓடுகிற அந்தப் பேருந்து திருப்பூர் - மங்கலம் வழித்தடத்துக்கும் வர வேண்டும். முதலில் காலை எட்டு மணி டிரிப்புக்கு ஒன்று விடட்டும்.