உளவு அதிகாரி வாய் திறக்கலாமா?

மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்ச தலைவர் தப்பு செய்யறார். ஆதாரம் ஒரு உளவு அதிகாரி கையில இருக்கு. அவர் அதைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா? பொதுவா கூடாது. ஆனா முறையிட வேண்டிய இடமே அந்தத் தலைவரோட பிடியில இருந்தா, கொடுக்கலாம், கொடுக்கணும். ஏன்னு சொல்ல வாட்டர்கேட் போதும்.

1972 ஜூன் 17. வாஷிங்டன்ல வாட்டர்கேட் கட்டடத்துல இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள்ள புகுந்த அஞ்சு பேர் பிடிபட்டாங்க. விசாரணை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கைக்குப் போச்சு. ஆறே நாள்ல அதிபர் நிக்சனும் அவரோட உதவியாளர் ஹால்டிமேனும், உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வை விட்டே அந்த விசாரணையை நிறுத்தச் சொல்லலாம்னு பேசினாங்க. அது ஒலிநாடாவுல பதிவாயிருக்கு. எஃப்.பி.ஐ.யோட தற்காலிக இயக்குநர் பேட்ரிக் கிரே, விசாரணைக் கோப்புகளை வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஜான் டீன்கிட்டயே கொடுத்தார். வழக்குல சிக்கின ஒருத்தரோட பெட்டகத்துல இருந்த காகிதங்களைப் பின்னாடி எரிச்சும் விட்டார். இந்த நிலைமையில, எஃப்.பி.ஐ.யில இரண்டாம் இடத்துல இருந்த மார்க் ஃபெல்ட் யார்கிட்ட போய்ப் புகார் கொடுக்கறது? மேல கிரே, எல்லாருக்கும் மேல நிக்சன். அதனால ஃபெல்ட் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பாப் வுட்வர்டைச் சந்திச்சார். கோப்புக் கட்டைத் தூக்கிக் கொடுக்கலை. நிருபர்கள் திரட்டினது சரியான்னு சொன்னார், எந்தப் பக்கம் தேடணும்னு காட்டினார். அவ்வளவுதான். மத்ததை நீதிமன்றமும் செனட் குழுவும் வெளிப்படையா விசாரிச்சாங்க. 1974 ஜூலையில ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 8-0 னு தீர்ப்பு சொன்னது. ஆகஸ்ட் 9-ல நிக்சன் பதவி விலகினார். ஆக, ஃபெல்ட் யாருக்கும் தண்டனை கொடுக்கலை. விசாரணை செத்துப்போகாம பார்த்துக்கிட்டார்.

இயக்குநர் பதவி கிடைக்காத ஆத்திரத்துல பேசினார்னு சொல்றவங்க உண்டு. இருக்கலாம். அவரே சட்டவிரோத சோதனைகளுக்கு உத்தரவிட்டதா 1980-ல தண்டிக்கப்பட்டவர்தான். ஆனா சொன்னவர் மனசு எப்படி இருந்தாலும் ஒலிநாடா ஒலிநாடாதான். இன்னொரு ஆட்சேபம்தான் எனக்கு உண்மையிலேயே கவலை தருது. அதே எஃப்.பி.ஐ.யை 48 வருஷம் ஆண்ட ஹூவர், அரசியல்வாதிகளோட அந்தரங்கத்தைச் சேர்த்து வச்சிருந்தார். 1964-ல மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிரட்டல் கடிதம் போனது அந்த நிறுவனத்துல இருந்துதான். ஓட்டு வாங்காதவங்க ஓட்டு வாங்கினவங்களை ஆட்டி வைக்கிற நிலைமை அது. அதனாலதான் எல்லை வேணும்னு சொல்றேன்: தலைவரோட படுக்கையறையும் வேண்டாம், பிடிக்காத கொள்கையும் வேண்டாம். நீதிமன்றத்துல நிக்கக்கூடிய குற்றம் மட்டும், அதுவும் வேற வழியெல்லாம் அடைபட்ட பிறகு.

வழி திறந்திருந்தா என்ன ஆகும்? 2019-ல உக்ரைன் அதிபரோட டிரம்ப் பேசின தொலைபேசிப் பேச்சைப் பத்தி ஒரு உளவு அதிகாரி, சட்டப்படி தலைமை ஆய்வாளர் மைக்கேல் அட்கின்சன்கிட்ட புகார் கொடுத்தார். மேலிடம் அதை நாடாளுமன்றத்துக்கு அனுப்பாம வச்சிருந்தப்ப, அப்படி ஒரு புகார் இருக்குன்னு அட்கின்சன் அங்க தெரியப்படுத்தினார். டிசம்பர்ல பிரதிநிதிகள் சபை பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேத்துச்சு, பிறகு செனட் டிரம்பை விடுவிச்சது. முடிவு உங்களுக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டியும், தீர்மானிச்சது மக்கள் பிரதிநிதிகள். அடுத்த ஏப்ரல்ல அட்கின்சனை டிரம்ப் பதவியில இருந்து நீக்கிட்டார். ரகசியம் கசியக்கூடாதுன்னு நினைக்கிறவங்க, இப்படிப்பட்ட ஆய்வாளரை அதிபர் நினைச்ச நேரத்துல நீக்க முடியாதபடி சட்டம் வேணும்னு முதல்ல கேளுங்க.