மரக் கிண்ணமும் மாத்திரையும்

கெலிஓயாவில் எமது அயலவரான பெரியவர் ஒருவர் நெடுநாளாக நீரிழிவு நோயால் வருந்துபவர். அண்மையில் அவரைக் காணச் சென்றபோது மேசைமேல் ஒரு மரக் கிண்ணம் இருந்தது. "இரவிலே இதில் நீர் ஊற்றிவைத்துக் காலையில் அருந்துகிறேன், மாஸ்டர். மெட்போமின் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார். அவருடைய கால் பெருவிரலில் ஆறாத புண்ணொன்றைக் கண்டு என் மனம் துணுக்குற்றது.

சிங்கள மக்கள் 'கோதல ஹிம்புட்டு' என்றும், தமிழ் வைத்தியர் 'கடலழிஞ்சில்' என்றும் வழங்கும் கொடியின் மரத்திற் கடைந்தது அக்கிண்ணம். ஆயுள்வேதம் போற்றும் இம்மூலிகையை மூடநம்பிக்கை என ஒதுக்குதல் தகாது. 1997ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இவ்வினத்திலிருந்து 'சலசினோல்' என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பின்னர் கண்ட மற்றொன்று 'கோதலனோல்' என நம் நாட்டுப் பெயரையே தாங்கி நிற்கிறது. சோற்றிலுள்ள மாப்பொருளைச் சிறுகுடலில் சீனியாக உடைக்கும் நொதியங்களை இவை தடுக்கின்றன. ஆகவே சீனி இரத்தத்தில் மெதுவாகவே சேர்கிறது.

ஆயினும், நோயாளரிடத்தே சோதித்தறிவதன்றோ முறை? இலங்கை மருத்துவர் அதனையும் செய்தனர். 2005இல் வெளியான அவர்தம் ஆய்வில் நோயாளர் 51 பேர் பங்கு பற்றினர். மூன்று மாதம் மூலிகைத் தேநீரும், மூன்று மாதம் அதனையொத்த வெறுந் தேநீரும் மாறி மாறி வழங்கப்பட்டன. எது எதுவென்பதை அருந்தியவரும் அறியார், ஆராய்ந்தவரும் அறியார். ஈற்றில், சில மாதச் சராசரிச் சீனி நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, வெறுந் தேநீருக்குப்பின் 6.65 ஆகவும், மூலிகைக்குப்பின் 6.29 ஆகவும் இருந்தது.

பயன் உண்மையே, ஆனால் சிறிது. மாத்திரையைக் கைவிடுதற்கு அது போதிய சான்றாகாது. மாத்திரையோடு சேருங்கால் சீனி அளவு மிதமிஞ்சித் தாழவுங் கூடுமாதலால், மருத்துவருக்கு மறைத்து அருந்துவதும் ஆபத்தே.

இன்னொரு செய்தியையும் அவரிடம் கூறினேன். அவர் நிறுத்திய மெட்போமினின் பூர்வீகமும் மூலிகையே! கலேகா என்னும் ஐரோப்பியச் செடியிலிருந்த பொருள் நச்சுத்தன்மை மிக்கது. அதனையொத்துச் செய்த பல மருந்துகளுள் ஒன்றான மெட்போமினை நோயாளரிடத்தே ஆராய்ந்து, 1957இல் அதன் பயனை வெளியிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ஜீன் ஸ்டேர்ன்.

"அப்படியானால் கிண்ணத்தை எறிந்துவிடவா?" என்றார் பெரியவர்.

"வேண்டாம் ஐயா, டாக்டரிடம் அதையும் காட்டுவோம்" என்றேன். மறுநாட் காலை கிண்ணத்தைப் பையிலிட்டுக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.