கறையான் வளர்க்கும் காளான்

வேலூர் லாங் பஜார் பக்கம் இன்று காளான் என்றால் பண்ணையில் வளர்ந்து, டப்பாவில் அடைத்து வரும் வெள்ளை மொட்டுக்காளான்தான். ஊருக்குத் தென்மேற்கே எழும் ஜவ்வாதுமலையில் நிலைமை வேறு. மழை பெய்து, மண் குளிர்ந்து, லேசாக இடி இடித்துவிட்டால் அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் கண் புற்றுகளைத் தேடும். புற்றுக்காளான் எந்தப் பண்ணையிலும் விளைவதில்லை. அதைப் பயிரிடத் தெரிந்த ஒரே விவசாயி கறையான்.

காய்ந்த இலையையும் சுள்ளியையும் தின்று வரும் வேலைக்காரக் கறையான், புற்றுக்குள் தன் எச்சத்தைக் கொண்டு கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக ஒரு அடுக்கு கட்டுகிறது. அதில் பூஞ்சை இழை படர்கிறது. மரத்தைக் கடினமாக்கும் லிக்னினைச் சிதைக்க இந்தப் பூஞ்சை உதவுகிறது. பதமான உணவு கறையானுக்குக் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவில் தொடங்கிய இந்தக் கூட்டு விவசாயம் சுமார் 3 கோடி ஆண்டுகள் பழையது.

மழை ஈரம் உள்ளே இறங்கியதும் பூஞ்சை காளானாக முளைக்கிறது. புற்றின் ஆழத்திலிருந்து வேர் போன்ற நீண்ட தண்டை விட்டு, கூரான நுனியால் மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. தென்னிந்தியாவில் கிடைக்கும் வெண்ணிற வகை ஒன்றை 1979இல் விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். புற்றுக்காளான்களின் பேரினத்தை 1942இல் வரையறுத்த பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்மின் பெயரால் அந்த வகைக்கு டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயரிட்டார்.

மலைக்கு இதனால் என்ன பயன்?

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகள் குரோமியத்துக்கு மாறுமுன் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டுதான் தோல் பதனிட்டன. மலையில் பொறுக்கும் கடுக்காய் காய்ந்தாலும் கெடாது. மூட்டை கட்டி வியாபாரி வரும்வரை வைத்திருக்கலாம். காளான் அப்படியல்ல. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். காலையில் பறித்ததை அன்றே சமைத்துவிட வேண்டும். அதனால் அது பெரும்பாலும் சந்தைக்குப் போகாமல் வீட்டுக் குழம்புச் சட்டிக்கே போகிறது. விதைத்த சாமை இன்னும் கதிர் பிடிக்காத மாதங்களில், காசு செலவில்லாமல் கிடைக்கும் புரதம் அது.

சந்தை பக்கத்திலேயே இருந்தால் கதை மாறும். சத்தீஸ்கரின் பஸ்தர் வாரச்சந்தைகளில், சால் மரத்தடி மண்ணில் கிடைக்கும் ‘போடா’ என்ற காட்டுக்காளான் பருவத் தொடக்கத்தில் ஆட்டுக்கறியோடு விலையில் போட்டி போடும். கோவாவில் புற்றுக்காளானைச் சாலையோரத்தில் இலையில் பொதிந்து விற்கிறார்கள். இமயமலையின் ‘குச்சி’ காளானை உலர்த்தி வைக்க முடிவதால் அது கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது.

பறிப்பதற்கு அனுபவம் வேண்டும். 2022 ஏப்ரலில் அசாமில் விஷக்காளான் தின்று பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். அமாடாக்சின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. வாந்தி தொடங்கவே பல மணி நேரம் ஆகும். அதற்குள் நஞ்சு கல்லீரலைத் தாக்கத் தொடங்கிவிடும். மஞ்சள் போட்டோ வெள்ளிக்காசு போட்டோ சோதிப்பது எதையும் காட்டாது. அடியைத் தோண்டி, தண்டு புற்றுக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பது பழகியவர்கள் கவனிக்கும் அடையாளங்களில் ஒன்று. இதைப் படித்துவிட்டு மட்டும் யாரும் பறிக்கக் கூடாது.

காட்டுக்காளானைப் பண்ணைக்குக் கொண்டுவந்ததில் தமிழ்நாட்டுக்குப் பெயர் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்ற பால்காளான் இன்று வைக்கோல் படுக்கையில் தாராளமாக விளைகிறது. புற்றுக்காளான் அப்படிப் படியவில்லை. பூஞ்சை இழையை ஆய்வகத்தில் வளர்க்கலாம். கறையான் இல்லாமல் அதைப் பண்ணைப் பயிராக்க முடியவில்லை. எனவே புற்றை இடித்து நிலத்தைச் சமன் செய்தாலோ, கறையான் மருந்து ஊற்றினாலோ அந்த இடத்தின் விளைச்சல் அத்தோடு நின்றுவிடும். குடையை மட்டும் பறித்து அடுக்கைக் குலைக்காமல் விட்டால், அடுத்த ஆண்டும் அதே புற்றில் தேடிப் போகலாம்.