யூடியூபுக்கு அவசரம் வேண்டாம்

பூச்சோங் பக்கம் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் பலர், எடிட்டிங் முடிந்த கையோடு படத்தை யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். சொந்தபந்தம் பார்த்துப் பாராட்டும். ஆனால் இணையத்தில் வந்த படத்தை கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு அனுப்ப முடியாது. வெனிஸிலும் முதல் திரையிடல் விஷயத்தில் கண்டிப்பு உண்டு. அதனால் பெரிய விழாக்களுக்கு முதலில் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருங்கள், பிறகு சின்ன விழாக்கள், யூடியூப் கடைசியில்.

நீளத்தையும் கவனியுங்கள். டைட்டில் உட்பட கானுக்கு 15 நிமிடம், வெனிஸுக்கு 20. இருபத்தைந்து நிமிடப் படம் இரண்டுக்கும் ஆகாது.

தேர்வு செய்பவர் ஒரே நாளில் வரிசையாகப் படம் பார்ப்பவர். முதல் ஒன்றரை நிமிடம் எல்டிபி நெடுஞ்சாலைக்கு மேல் டிரோன் பறந்து, பெயர்களாக ஓடிக்கொண்டிருந்தால் அவர் பொறுமை இழப்பார். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மன்னிப்பார். வசனம் லாரி இரைச்சலில் அமுங்கினால் மன்னிக்க மாட்டார். கேமராவுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை மைக்குக்கும் நல்ல ஆங்கில சப்டைட்டிலுக்கும் ஒதுக்குங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு மாதாமாதம் விருது தரும் இணைய 'விழா'க்களுக்கு ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். போஸ்டரில் இலைச் சின்னம் கூடும், அவ்வளவுதான்.

இதில் பிழைப்பு உண்டா? பக்கத்தில் சைபர்ஜெயாவைப் பாருங்கள். அங்குள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்த தான் சுய் முய், 2005இல் ஜெர்மனியின் ஓபர்ஹௌசன் குறும்பட விழாவில் முதன்மைப் பரிசு வாங்கினார். அடுத்த ஆண்டே முழுநீளப் படம். 2007இல் அதற்கு ராட்டர்டாம் விழாவின் புலி விருது. தோட்டத்துப் பெண்ணின் படிப்புக் கனவைச் சொன்ன தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை'யும் 2005இல் ராட்டர்டாம் போனதுதான். நம் தமிழில், நம் பேச்சு வழக்கில் எடுத்த படம்.

விருதைவிட அங்கே சந்திக்கும் ஆட்கள் முக்கியம். தயாரிப்பாளர், நிதி கொடுப்பவர், வேறு விழாக்காரர் எல்லாரும் கேட்பது ஒன்றே: அடுத்து என்ன? முழுநீளக் கதையின் சுருக்கம் ஒரு பக்கமாவது கைவசம் இருக்கட்டும். அதன்பிறகும் பொறுமை வேண்டும். அமண்டா நெல் இயூவின் குறும்படம் வெனிஸில் ஓடியது 2017இல். அவருடைய முதல் முழுநீளப் படம் 'டைகர் ஸ்டிரைப்ஸ்' கான் விமர்சகர் வாரத்தின் உயர்ந்த பரிசை வாங்கியது 2023இல்.