ரிவால்வரும் அதன் தோட்டாவும்

காத்திவாக்கத்திலிருந்து சென்னைப் பட்டணம் வருவோர் வழியில் திருவொற்றியூரின் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைக் கடக்கின்றனர். அவ்வண்டியின் பழைய முத்திரையில் பீரங்கி ஏன் இடம்பெற்றது என்று வினவுவோர் சிலரே. இங்கிலாந்தில் என்பீல்டு என்னும் ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புக்கள் செய்து கொடுத்த கம்பெனியே அவ்வூர்ப் பெயரைச் சூடிக்கொண்டது. அப்பெயரை நம் தேசம் முன்னரே அறியும். 1857-இல் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தது என்பீல்டுத் துப்பாக்கியன்று. கொழுப்புத் தடவியதென்று அவர்கள் அருவருத்த அதன் தோட்டாவே.

அதே என்பீல்டில் 1930-களில் பிரிட்டிஷ் படைக்கென .380 ரிவால்வர் செய்யப்பட்டது. அத்தகைய பழைய ரிவால்வர் நம் நாட்டில் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் கிடக்குமாயின், அதன் மதிப்பை நிர்ணயிப்பது எஃகோ வேலைப்பாடோ அன்று, தோட்டாவே. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962-இல் எழுந்த விதிகள், .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவை ஏற்றுச் சுடவல்ல ரிவால்வர் யாவற்றையும் தடைசெய்த ஆயுதமாக வகுத்தன. சுடவல்லது என்பதே போதும். சுட்டதா என்பது கேள்வியன்று. மத்திய சர்க்காரின் தனி அனுமதியின்றி வைத்திருப்போருக்கு, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம்.

படையினரிடமிருந்து களவுபோகும் தோட்டா பிறர் கைத்துப்பாக்கியில் பயன்படலாகாது என்பதே இவ்விதியின் நோக்கம். அதை நாம் குறை கூறோம். 1878-இல் லிட்டன் பிரபுவின் காலத்துச் சட்டம் வெள்ளையருக்கு விலக்களித்து இந்தியரையே பிணித்தது. இச்சட்டத்தில் அப்பேதம் இல்லை. ஆயின் பாட்டனார் விட்டுச்சென்ற பொருளின் துளையளவை அறியாத பேரன்மேல் இவ்வளவு பாரம் விழுவது தகுமா?

லைசென்ஸ் பெற்றோருக்கு எஞ்சியவற்றுள் ஒன்று .32 ரிவால்வர். இங்கும் எண்ணைக் கண்டு ஏமாறுதல் கூடாது. கான்பூர் ரிவால்வருக்குரியது விளிம்புள்ள நீளத் தோட்டா. அதன் முன்னோடியான குட்டைத் தோட்டா நீள அறையில் பொருந்தும். குட்டை அறையில் நீளமானது நுழையாது. .32 பிஸ்டல் தோட்டாவோ வேறு ஜாதி. எண் ஒன்றாயினும் ரிவால்வருக்கு அது உரியதன்று. ஒரு தோட்டா வெடிக்கத் தவறினும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்பது ரிவால்வரின் நற்பயன். பொருந்தாத தோட்டாவை இட்டவனுக்கு அப்பயனும் இல்லை.

விலையையும் கூறவேண்டும். பெண்களின் தற்காப்புக்கென்று 2014-இல் கான்பூரில் வெளியிட்ட ‘நிர்பீக்’ ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ளது. அப்போது அதன் விலையோ 1,22,000 ரூபாய்க்கும் மேலாக இருந்தது. எண்ணூர் ஆலைகளில் இரவு வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்ணுக்கு இது எவ்வாறு தற்காப்பாகும் என்பதைச் சர்க்கார் விளக்கவில்லை. அவளுக்கு வேண்டுவது தெருவிளக்கும் பஸ்ஸும்.

பழைய ரிவால்வரைப் பெட்டியில் காண்போர் அதனை விலை பேசித் திரிய வேண்டாம். சட்டத்தின் 21-ஆம் பிரிவு காட்டும் வழியில், தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, துளையளவும் எண்ணும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்குக.