தாலிக்கு வேலி

மதுரைச் சீமை: வாளும் வாக்கும் – 9

தளவாய் இராமப்பையன் கடலுக்குக் குறுக்கே அணை போட்டு இராமேசுவரம் தீவுக்குள் புகுந்ததையும், சடைக்கத்தேவர் என்னும் தளவாய் சேதுபதி சிறைப்பட்டு மதுரைக்கு வந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் போர் முடிந்து இருபது ஆண்டு ஆவதற்குள், அதே சேதுபதி குடும்பத்திடம் உதவி கேட்டு மதுரை அரண்மனையிலிருந்து ஓலை போனது. எழுதியவர் திருமலை நாயக்கர் அல்ல, அவருடைய அரசி.

ஆண்டு 1656. விஜயநகரப் பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கருக்கு எதிராகத் திருமலை நாயக்கர் பீஜப்பூர் சுல்தானைத் துணைக்கு அழைத்திருந்தார். அந்தப் பழைய கணக்கைத் தீர்க்க மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசர் படை அனுப்பினார். சத்தியமங்கலம் வழியாக இறங்கிய அந்தப் படை ஊர்களைக் கொள்ளையிட்டதோடு நிற்கவில்லை. அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்து, மேலுதட்டோடு சேர்த்து மூட்டையாகக் கட்டி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. ஆண், பெண், குழந்தை என்ற பேதம் பார்க்கப்படவில்லை என்று அக்காலத்தில் இங்கிருந்த இயேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. இதற்கு ‘மூக்கறுப்புப் போர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மதுரையில் நாயக்கர் முதுமையிலும் நோயிலும் படுத்திருந்தார். தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றி, பெரிய மகாலைக் கட்டியவருக்கு இப்போது குதிரை ஏறத் தெம்பில்லை. பாளையக்காரர்களின் படை திரண்டு வரும் வரை எதிரி காத்திருக்கப் போவதும் இல்லை. இந்த நிலையில்தான் அரசி இராமநாதபுரத்துக்கு ஆள் அனுப்பினார். தன் தாலியைக் காத்துத் தரும்படி அவர் கேட்டார் என்பது சேது நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஓலையைப் பெற்ற ரகுநாத சேதுபதிக்கு மதுரையோடு இருந்த உறவு அத்தனை இனிப்பானதல்ல. சடைக்கத்தேவரின் மறைவுக்குப் பின் சேது நாட்டை மூன்று கூறாகப் பிரித்துக் கொடுத்ததே திருமலை நாயக்கர்தான். மற்ற பங்காளிகள் போன பிறகே முழு நாடும் ரகுநாதர் கைக்கு வந்தது. வஞ்சம் தீர்க்க நினைத்திருந்தால் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்திருந்தால் போதும். அவரோ மிகக் குறுகிய காலத்தில் 25,000 மறவர்களைத் திரட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார். நாயக்கரின் படையும் சேர்ந்துகொள்ள, மைசூர்ப் படை முறியடிக்கப்பட்டுத் திண்டுக்கல்லுக்கு அப்பால் விரட்டப்பட்டது. மதுரை விழுந்தால் அடுத்தது இராமநாதபுரம் என்ற கணக்கும் அவர் மனத்தில் ஓடியிருக்கும். அதனால் அவர் காத்த வாக்கின் மதிப்பு குறையாது.

நன்றி தாராளமாகவே வந்தது. சேதுபதி கட்டிவந்த கப்பம் நின்றது. திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகியவை சேது நாட்டோடு சேர்ந்தன. மதுரையைப் போலவே இராமநாதபுரத்திலும் நவராத்திரி விழா எடுக்கும் உரிமை கிடைத்தது. நாயக்கர் தம் பெயரையே கொடுத்தார். அன்று முதல் அவர் திருமலை சேதுபதி. ‘ராணி சொல் காத்தார்’, ‘தாலிக்கு வேலி’ என்பவை சேதுபதிகளின் விருதுப் பெயர்களாயின. ஒரு பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதை வீரத்தின் அடையாளமாகத் தம் பட்டங்களில் ஏற்றிக்கொண்ட மரபு அது.

இத்தோடு கதையை முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போர் இத்தோடு முடியவில்லை. நாயக்கரின் தம்பி குமாரமுத்து படையோடு மைசூர்ச் சீமைக்குள் புகுந்து, அங்கே அதே மூக்கறுப்பைத் திருப்பிச் செய்தார். மதுரை அரசியின் ஓலைக்கு ஒரு சேதுபதி கிடைத்தார். சத்தியமங்கலத்துப் பக்கம் மூக்கிழந்த குடியானவப் பெண்ணுக்கும், மைசூர்ச் சீமையில் அதே கதிக்கு ஆளானவளுக்கும் ஓலை எழுத ஆளில்லை. எழுதியிருந்தாலும் வாங்கிப் படிக்க அரண்மனை இல்லை. அந்தக் காலத்து வீர மரியாதை அந்தப்புரத்து வாசல் வரைக்கும்தான் போயிற்று.

அந்தப்புரத்துக்குள்ளாவது அது நிலைத்ததா? போருக்கு மூன்று ஆண்டுக்குப் பின், 1659இல், திருமலை நாயக்கர் காலமானார். அவருடைய மனைவியரில் 200 பேர் உடன்கட்டை ஏறியதாகப் பாதிரியார்களின் குறிப்பு சொல்கிறது. சேது நாட்டிலும் இதே வழக்கம்தான். 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையில் இறங்கினார்கள். வேலி தாலிக்குத்தான் போடப்பட்டிருந்தது. தாலி கட்டியவன் போனதும் அதை அணிந்திருந்தவளின் உயிருக்குக் காவல் கிடையாது. புருஷனின் உயிரைத் தா என்று அந்த அரசி கேட்டபோது, தன் உயிரையும் சேர்த்தே கேட்டிருக்கிறார் என்று இப்போது படிக்கத் தோன்றுகிறது.

ரகுநாத சேதுபதியைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பகை மறந்து அவர் வந்திராவிட்டால் மதுரைத் தெருக்களில் என்ன நடந்திருக்கும் என்பதை மூக்கு மூட்டைகளே சொல்லும். ஆனால் ஒரு வீரன் வந்து காக்கும் வரை காத்திருப்பது ஒன்றே வழியாக இருந்த நாட்டில், பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

அந்த வழியை மாற்றியவர் அதே நாயக்கர் குடும்பத்து மருமகள். 1682இல் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் இறந்தபோது, அவருடைய மனைவி மங்கம்மாள் சிதை ஏறவில்லை. ஏழு ஆண்டு கழித்து மகனையும் பறிகொடுத்தபின், பச்சிளம் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பைத் தாமே ஏற்று, 1706 வரை நாட்டை ஆண்டார். உதவி கேட்டு ஓலை எழுதாமல், படைகளுக்கு ஆணை எழுதிய அந்த அரசியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)